பழைய பிரின்டருக்கு வைஃபை: குட்டி போர்டு போதும், ஆனா டிரைவரைப் பாருங்க!

நல்லா ஓடிக்கொண்டிருக்கும் யூ.எஸ்.பி. பிரின்டரை, வைஃபை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓரங்கட்ட வேண்டியதில்லை. 2021-ல் 15 டாலர் விலையில் அறிமுகமான ‘ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ’ போர்டு, அதை வயர்லெஸ் பிரின்டராக்கிவிடும்.

மெமரி கார்டில் இயங்குதளத்தை ஏற்றும்போதே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிடலாம். மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம். பிறகு ‘கப்ஸ்’ என்ற இலவச மென்பொருளை நிறுவி, பிரின்டரைச் சேர்த்து, ‘ஷேர்’ கொடுக்க வேண்டும். கூடவே ‘அவாஹி’ ஓடினால் போன்களே பிரின்டரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். போர்டில் இருப்பது மைக்ரோ யூ.எஸ்.பி. என்பதால் ஓ.டி.ஜி. அடாப்டர் கட்டாயம். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். 5 கிகாஹெர்ட்ஸில் தேடினால் கிடைக்காது.

இதுவரை எல்லாம் சுலபம். மாட்டிக்கொள்வது டிரைவரில்தான். ராஸ்பெர்ரி பையில் இருப்பது போன்களில் உள்ளதைப் போன்ற ‘ஆர்ம்’ வகை பிராசஸர். சில பிரின்டர்களின் லினக்ஸ் டிரைவரோ இன்டெல் வகைக்கு மட்டுமே எழுதப்பட்டது. சிறு அலுவலகங்களில் இன்றும் உழைக்கும் கேனான் எல்.பி.பி. 2900 அப்படித்தான். தன்னார்வலர்கள் எழுதிய மாற்று டிரைவர் உண்டு. ஆனால், அதை நிறுவ பொறுமை வேண்டும். எச்.பி. பிரின்டர்கள் பலவற்றுக்கு ‘எச்.பி.லிப்’ கைகொடுக்கிறது.

அதனால் போர்டை ஆர்டர் போடும் முன், ‘ஓப்பன்பிரின்டிங்’ தளத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.