பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் கழகம்

பாடசாலை விட்டு வந்தால் கணினி, பின்பு தொலைக்காட்சி, பின்பு கைத்தொலைபேசி. வேலைக்கு ஓடும் நாமும், பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்று நிம்மதி அடைகிறோம். உண்மையில் அது பத்திரம்தானா?

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெற்காசியரான எமக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலேயே, அதிகம் பருக்காத உடம்பிலும் வந்துவிடுகிறது. ஆகவே அசைவு எமது பிள்ளைகளுக்கு இன்னும் அவசியம். சைக்கிள் ஓட்டம் இதயத்தையும் நுரையீரலையும் பலப்படுத்தும். உடற்பாரத்தை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்குச் சுமை குறைவு. பருமனான பிள்ளையும் சிரமமின்றித் தொடங்கலாம்.

சைக்கிள் எமக்குப் புதிதல்ல. 1990களில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். ரியூசனுக்குப் போன மாணவரும், வைத்தியசாலைக்குப் போன நோயாளியும் அதில்தான் போனார்கள். அதே 1990களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவித்தார். தனியே ஏறக் கூச்சப்பட்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஏறியதும் பயமும் போனது, கேலியும் அடங்கியது. கழகம் என்பதன் பலனும் இதுவே. மகனுக்குச் சைக்கிள் வாங்கும் நாம் மகளை மறக்கலாகாது.

எப்படித் தொடங்கலாம்?

* ஒரே பாடசாலையில் ஐந்தாறு பிள்ளைகள் போதும். பெற்றோர் சேர்ந்து அதிபரையும் உடற்பயிற்சி ஆசிரியரையும் சந்தியுங்கள். காப்புறுதி பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.
* முதற் பயிற்சிக்குப் போரோ இத்தாலிக்கோ கடற்கரை நல்லது, இடம் சமதரை. வாகனங்கள் விரையும் பவோரித்தா வீதிகளைப் பின்னர் பார்க்கலாம்.
* புறப்படுமுன் பிரேக், காற்று, சங்கிலி, மணி, விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள்.
* சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தலைக்கவசம் எமக்குக் கட்டாயம். அது புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிய வேண்டாம்.
* முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர், நடுவில் பிள்ளைகள் ஒற்றை வரிசையில்.
* மழையில் பழைய நகரத்துக் கல் வீதிகள் வழுக்கும். கோடையில் நண்பகலைத் தவிர்த்து, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.
* ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரையும், இன்சுலின் போடும் பிள்ளை இனிப்பையும் கையோடு வைத்திருக்க வேண்டும். முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

சாந்தா ரொசாலியாவைத் தரிசிக்க இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்ற பேதமின்றி மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் கால்நடையாக ஏறுபவர்கள் நாம். அந்த மலையடிவாரத்தில் எமது பிள்ளைகள் கூட்டமாகச் சைக்கிள் மிதித்துப் போகும் ஞாயிற்றுக்கிழமை வெகு தூரத்தில் இல்லை. இந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெற்றோருடன் பேசிப் பாருங்களேன்!