பணப்பை அவர்கள் கையில். பேச்சு யார் கையில்?

பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பெற்றோர் சொல்லும் அறிவுரை என்ன? "படிக்கப் போற, வம்புல மாட்டிக்காதே!" இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1971-இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. 1974 டிசம்பரில், பாலிங் ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1975-இல் சட்டம் மேலும் இறுகியது. வாய்க்குப் பூட்டு ஒன்று. பணப்பைக்குப் பூட்டு இன்னொன்று. மாணவர் அமைப்புகள் தாமாகவே நிதி திரட்ட முடியாமற் போனது.

இரண்டாவது பூட்டு கண்ணுக்குத் தெரியாது. கருத்தரங்கு நடத்த மண்டபம் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், பேச்சாளருக்குப் பயணச் செலவு வேண்டும். "பேசாதே" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. "ஒதுக்கீடு இல்லை" என்றால் போதும்.

முதல் பூட்டை நீதிமன்றம் உடைத்தது. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாயினர். கட்சிக்கு ஆதரவு காட்டுவதைத் தடுக்கும் விதி, கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 திருத்தம் மாணவர்கள் கட்சியில் சேர வழிவிட்டது. வளாகத்துக்குள் கட்சி அரசியலுக்கு இருந்த தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. நிதி திரட்டும் உரிமை 2024 திருத்தத்தில்தான் வந்தது.

"மக்கள் வரிப்பணத்தில் அரசியலா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் இதே வழக்கு எழுந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், தங்களுக்குப் பிடிக்காத அமைப்புகளுக்குத் தங்கள் கட்டணம் போவதை எதிர்த்தனர். கட்டணம் வாங்கலாம், ஆனால் பங்கிடும்போது எந்தக் கருத்துக்கும் சலுகையோ வஞ்சனையோ கூடாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நமக்கும் இதுவே பொருந்தும். கணக்குக் கேளுங்கள், ரசீது கேளுங்கள். கருத்தைக் கேட்டுக் காசு கொடுக்காதீர்கள். தமிழ் அமைப்பானாலும் சமய அமைப்பானாலும் அரசியல் மன்றமானாலும் ஒரே விண்ணப்பம், ஒரே விதி இருக்கட்டும். மறுத்தால், காரணம் எழுத்தில் வரட்டும்.

2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்குரிமை இருக்கிறது. நாட்டை ஆள்வது யார் என்று முடிவு செய்யும் பிள்ளை, மேடையேறிப் பேசுவதும் வம்பா? இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பேசிப் பாருங்கள், நேயர்களே!