ஒரு முட்டைக்கு அதிகத் தண்ணீர், ஏழு முட்டைக்குக் குறைவு

சானமாவுப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். காலை 6 மணி ஷிஃப்ட். கம்பெனி பஸ் வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் சானமாவுக் காட்டில் யானைகள் நிற்கும் மாதங்களில் இருட்டோடு வெளியே நடமாட வேண்டாம் என்று வனத்துறை சொல்லிவிடும். டீக்கடைக்குப் போக முடியாது. வெறும் வயிற்றோடு போய் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். அறையில் இருக்கும் மூன்று பேரும் காசு போட்டு ஒரு எக் பாய்லர் வாங்கியிருக்கிறார்கள். அவருடைய சந்தேகம் இது: "அளவு கப்பில் ஒரு முட்டைக்கான கோடு மேலேயும், ஏழு முட்டைக்கான கோடு கீழேயும் இருக்கிறது. மாற்றி அச்சடித்துவிட்டார்களா?"

மாற்றி அச்சடிக்கவில்லை. இந்தச் சின்ன இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அந்தக் கோடுகள்தான்.

சாதாரண எக் பாய்லருக்குள் கடிகாரம் கிடையாது. முட்டை வெந்ததா என்று பார்க்க வழியும் கிடையாது. தட்டில் தண்ணீர் இருக்கிறதா, வற்றிவிட்டதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். தண்ணீர் இருக்கும்வரை தட்டின் சூடு கொதிநிலையை விட்டு அதிகம் மேலே போகாது. கடைசிச் சொட்டும் ஆவியானதும் சூடு குபீரென்று ஏறும், சுவிட்ச் 'டக்'கென்று விழும். என் அம்மா இட்லிக் குண்டானில் தண்ணீரோடு ஒரு பத்துப் பைசாவையும் போட்டுவைப்பார். தண்ணீர் கொதிக்கும்வரை காசு கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஓடிவருவார். அம்மா காதால் தெரிந்துகொண்டதை எக் பாய்லர் சூட்டால் தெரிந்துகொள்கிறது. நாழிகை வட்டில் வைத்திருந்த நம் முன்னோர்களும் தண்ணீரைக்கொண்டுதான் நேரத்தை அளந்தார்கள். முட்டை கெட்டியாக வேக 12 நிமிஷம் என்றால், அது சரியாக அரை நாழிகை.

அந்தச் சுவிட்சுக்குள் பெரும்பாலும் இருப்பது இரட்டை உலோகத் தகடு. சூடேறும்போது இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் நீள்வதால் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன், கப்பல் கடிகாரம் வெயிலிலும் குளிரிலும் தப்பாக ஓடாமல் இருக்க, பித்தளையையும் எஃகையும் சேர்த்து அறைந்து உருவாக்கிய தகடு அது. டைட்டன் கடிகாரம் செய்யும் ஓசூரில், கடிகாரத்துக்காகப் பிறந்த தகடு முட்டை அவிப்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, ஏழு முட்டைக்கு ஏன் குறைவான தண்ணீர்? ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி வெப்பம் வேண்டும். அந்த ஆவி குளிர்ந்த ஓட்டில் பட்டு மறுபடி தண்ணீராகும்போது, வாங்கிய வெப்பம் அத்தனையையும் முட்டையிடம் கொடுத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 50 கிராம் முட்டை ஒன்று வேகும் சூட்டுக்கு வர ஏறத்தாழ 4 கிராம் ஆவி அதன்மேல் படிந்தால் போதும். அந்த 4 கிராமும் சொட்டுச் சொட்டாகத் தட்டுக்கே திரும்பி மறுபடி கொதிக்கும். ஏழு முட்டை என்றால் 28 கிராம் தண்ணீர் இப்படி இரண்டாம் முறை உழைக்கிறது. ஒற்றை முட்டை என்றால் ஆவியில் பெரும்பகுதி அதைத் தொடாமலே மூடித் துளை வழியாகப் போய்விடும். தட்டு சீக்கிரம் வற்றும், முட்டை அரைவேக்காட்டில் நிற்கும். அதனால்தான் அதற்குக் கூடுதல் தண்ணீர். நாளைக் காலை மூடி வழியாகப் பாருங்கள். ஓட்டில் வியர்வை போல முத்து முத்தாகக் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து வழியும். ஓடு சூடாக ஆக அந்த வியர்வை குறைந்துகொண்டே வரும்.

ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைவதால் முட்டை வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால் கோட்டுக்கு மேல் ஒரு தேக்கரண்டி சேர்த்து ஊற்றினால் சரியாக இருக்கும். நிறைய ஊற்ற வேண்டாம். அதிகம் வெந்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் விழும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும்.

போன மாதம் ராயக்கோட்டை சாலையில், காட்டோரம் கொட்டிக் கிடந்த குப்பையில் ஒரு எக் பாய்லரைப் பார்த்தேன். தட்டில் காய்ந்த சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு. வேறு ஒரு கீறல்கூட இல்லை. போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் வற்ற வற்றத் தட்டில் தங்கிவிடும். படிவு தடித்துவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தட்டிலேயே தேங்கும். தண்ணீர் மிச்சமிருக்கும்போதே சுவிட்ச் விழும், முட்டை வேகாது. 'மெஷின் போச்சு' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதுவும் யானை நடக்கிற வழியில். அரை எலுமிச்சம்பழம் போதும். பிளக்கைக் கழற்றிவிட்டு, தட்டில் சாற்றைப் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் கலந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். ஈரத்துணியால் துடைத்தால் தட்டு பளிச்சென்று வந்துவிடும். மாதம் இரண்டு தடவை இதைச் செய்யச் சோம்பல்பட்டு நல்ல பொருளைக் காட்டில் வீசுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தினமும் அவித்த முட்டைதானா என்றும் அந்த வாசகி கேட்டிருந்தார். கூடவே வரும் சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் தடவி, இரண்டு முட்டையை அடித்து ஊற்றி, ஒரு பிடி முருங்கைக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம், மிளகுத்தூள், உப்பு போட்டு ஆவியில் வையுங்கள். முட்டைக்கு 6 கிராம் வீதம் 12 கிராம் புரதம் வயிற்றுக்குள் போகும். இரவு மிஞ்சிய ராகிக் களியை மோரில் கரைத்துக் குடிக்க, தொட்டுக்கொள்ள அது போதும். மூடியைத் திறக்கும்போது மட்டும் முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள். ஓட்டில் பட்டால் முட்டையை வேகவைக்கிற அதே 540 கலோரி, தோலில் பட்டால் தோலையும் வேகவைக்கும்.