சக்கர நாற்காலியில் ஒரு கடல் யாத்திரை

கடல் யாத்திரை என்ற பேச்சு எழுந்தவுடனே வீட்டில் ஒரு குதூகலம் பிறந்துவிடுகிறது. யார் யார் போவது, எத்தனை பெட்டிகள் எடுத்துக்கொள்வது, ஊறுகாய் ஜாடியைக் கப்பலில் அனுமதிப்பார்களா என்றெல்லாம் விவாதம் நடக்கிறது. அக்குடும்பத்தில் நடக்க இயலாத ஒருவர் இருப்பாரானால், விவாதத்தின் நடுவே யாராவது மிகுந்த பரிவுடன், "உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்? நாங்கள் போய் வந்து படங்களைக் காட்டுகிறோம்" என்று சொல்லிவிடுகிறார். அத்துடன் அவருடைய யாத்திரை முடிந்து போகிறது. அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதைக் காட்டிலும் உயரமான வாசற்படி எந்தக் கப்பலிலும் கிடையாது.

உண்மையில், நடக்க இயலாதவருக்கு மற்ற வாகனங்களை விடக் கப்பல் பல விதங்களில் சௌகரியமானது. ஒரு முறை பெட்டியைப் பிரித்து வைத்தால் போதும். உறங்கும் அறையும் உணவுச் சாலையும் ஊர் ஊராக நம்முடனேயே வருகின்றன. ஆனால் இந்தச் சௌகரியம் தானாக வந்து வாய்ப்பதன்று. பணத்தைக் கட்டுவதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவருக்குத்தான் அது கிட்டும். கிரேக்க தேசத்தில், ஏதென்ஸ் நகரத்தின் துறைமுகமாகிய பிரேயஸிலிருந்து புறப்பட்டு ஏஜியன் கடலின் தீவுகளைச் சுற்றி வரும் யாத்திரையை உதாரணமாகக் கொண்டு அக்கேள்விகளைப் பார்ப்போம்.

முதற் கேள்வி, வாசல் எத்தனை அங்குலம் என்பது. நாற்காலியின் நீளம், அகலம், உயரம், எடை ஆகிய நான்கையும் அளந்து குறித்துக்கொண்ட பிறகே மற்ற ஏற்பாடுகளைத் துவங்க வேண்டும். பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவு நாற்காலியை விடக் குறுகலானது. ஸ்நான அறையின் வாசலிலோ தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு மேடு இருக்கும். அமெரிக்க நாட்டுக் கட்டட விதிகள் சக்கர நாற்காலி நுழையும் வாசலுக்கு 32 அங்குல அகலமும், நாற்காலி முழுவதும் திரும்புவதற்கு 60 அங்குல விட்டமுள்ள இடமும் வேண்டும் என்கின்றன. இவ்விரு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் யாரும் நம்மை வெறும் உபசார வார்த்தை சொல்லி அனுப்பிவிட முடியாது. அகன்ற வாசலும், மேடில்லாத ஸ்நான அறையும், பிடித்துக்கொள்ளக் கம்பிகளும் அமைந்த விசேஷ அறைகள் உண்டு; ஆயினும் ஆயிரக்கணக்கானோர் செல்லும் கப்பலிலும் அவை சொற்பமே. ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்வது நலம். இரவில் நாற்காலியைத் தாழ்வாரத்தில் நிறுத்த விடமாட்டார்கள். ஆபத்துக் காலத்தில் வழி அடைபட்டுவிடும். எனவே அதற்கும் அறைக்குள்ளேயே இடம் வேண்டும்.

இந்தக் கேள்விகளை வாயால் கேட்டால் போதாது. எழுதிக் கேட்க வேண்டும். "எல்லா வசதியும் உண்டு" என்று ஏஜெண்டு சொல்வது பதில் ஆகாது. அளவுகளைக் குறிப்பிட்டு வரும் கடிதமே பதில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1177/2010 என்ற எண்ணுள்ள சட்டம் 2012-ஆம் வருஷம் டிஸம்பர் 18-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அங்குள்ள துறைமுகங்களிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களையும் அது கட்டுப்படுத்துகிறது. மாற்றுத் திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு இடம் மறுக்கலாகாது. பாதுகாப்பு விதிகளோ கப்பலின் அமைப்போ இடந்தராத போதுதான் மறுக்கலாம். துறைமுகத்தில் உதவி தேவைப்படுவோர் 48 மணி நேரத்துக்கு முன்னதாகவேனும் அறிவிக்க வேண்டும். அறையைப் பற்றிய தேவைகளைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கம்பெனியின் தவற்றினால் நாற்காலி சேதமடைந்தால் நஷ்ட ஈடு கேட்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. ஆகவே நாம் கேட்பது தயவு அன்று, உரிமை.

அடுத்த கேள்வி, ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, படகில் இறங்க வேண்டுமா என்பது. சாண்டோரினித் தீவு எரிமலை வெடித்துச் சிதறியதில் மிஞ்சிய விளிம்பு. அங்கே கடல் மிகவும் ஆழமானது. பெரிய உல்லாசக் கப்பல்கள் சற்றுத் தள்ளி நிற்க, பிரயாணிகளைச் சிறு படகுகளில் கரை சேர்க்கிறார்கள். படகு அலையில் ஏறி இறங்கும்போது, 100 கிலோவுக்கு மேற்பட்ட மின்சார நாற்காலியை அதில் ஏற்ற மாலுமிகள் மறுப்பதுண்டு. பழைய துறையில் இறங்கினாலும் ஃபீரா நகரம் செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கிறது. கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் வண்டி, கழுதை, 500-க்கு மேற்பட்ட படிகள் இவையே அங்கிருந்து மேலே செல்லும் வழிகள். இதை முன்பே அறிந்தவருக்கு ஏமாற்றம் இல்லை. மற்றவர்கள் இறங்கிப் போன பின் அமைதியான மேல்தளத்தில் அமர்ந்து, பாறை உச்சியில் வரிசையாகத் தெரியும் வெள்ளை வீடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஓர் இன்பந்தான். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மெல்டெமி என்னும் வடகாற்று பலமாக வீசும். படகில் இறங்க விரும்புவோர் மே மாதத்தையோ செப்டம்பரையோ தேர்ந்துகொள்வது உத்தமம்.

ரோட்ஸ் தீவில் கப்பல் கரையை ஒட்டி நிற்கிறது. பழைய நகரத்தின் மதில் அருகிலேயே இருக்கிறது. ஆனால் உள்ளே வீதிகளில் கூழாங்கற்கள் பதித்திருக்கிறார்கள். நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அவற்றில் சிக்கிக்கொள்ளும். தள்ளுவதற்குப் பலமான கைகள் தேவை. இதற்கு மாறாக, எட்டாக் கனி என்று நினைக்கும் இடம் எட்டிவிடுவதும் உண்டு. ஏதென்ஸில் பார்த்தினான் கோயில் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றைப் பற்றித்தான் சொல்கிறேன். 2020-ஆம் வருஷம் டிஸம்பரில் அங்கே புதிய லிப்டு ஒன்று திறக்கப்பட்டது. குன்றின்மேல் பாதைகளையும் அவ்வாண்டில் சீர்செய்தார்கள். 2,400 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் அந்தத் தூண்களின் அருகே இன்று சக்கர நாற்காலியில் செல்லலாம். முதல் நாளே விசாரித்து, லிப்டு இயங்குகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2012-ஆம் வருஷம் ஜனவரியில் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். அதன் பின்னர், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பிரயாணிகளுக்கு ஒத்திகை நடத்த வேண்டுமென்ற சர்வதேச விதி 2015-இல் அமலுக்கு வந்தது. ஆபத்தில் உதவி வேண்டுமென்று தெரிவித்தவர்களின் விவரம் கப்பல் தலைவரிடம் இருக்க வேண்டும் என்பதும் விதியே. கூச்சப்பட்டுக்கொண்டு தெரிவிக்காமல் இருப்பது தகாது. லிப்டு நின்றுவிட்டால் படிகளில் நம்மை இறக்கப் போகிறவர் யார், எந்தச் சாதனத்தில் இறக்குவார் என்பதை ஒத்திகையன்றே கேட்டு அவர் முகத்தையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, கைப்பையில் இருக்க வேண்டியவை. மருந்துகளைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது. யாத்திரை நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, டாக்டரின் சீட்டுடன் கையிலேயே இருக்கட்டும். மின்சார நாற்காலியானால், அதன் மின்கலம் எவ்வகை, சக்தி எவ்வளவு என்பதை விமானக் கம்பெனிக்கு முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். பழைய வியாதிகளை மறைக்காமல் எழுதி, கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் செலவையும் ஏற்கும் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். கப்பல் நடுவே துருக்கித் துறைமுகத்துக்குச் சென்று மீண்டும் கிரேக்கத்துக்கு வருமானால், நம் நாட்டுப் பாஸ்போர்ட் உடையவர்களுக்குப் பலமுறை நுழையும் விஸா வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் யார் செய்வது? யாருக்காகச் செய்கிறோமோ அவரே செய்யட்டும். மற்றவர்கள் உடனிருந்து உதவினால் போதும். தம் உடலின் தேவையை அவரைவிட அறிந்தவர் யார்? நமது நாட்டிலும் 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதிகள் அவர்களுக்கும் எட்ட வேண்டுமென்று விதித்திருக்கிறது. சட்டம் ஏட்டோடு நின்றுவிடாமல் நடைமுறைக்கு வர வேண்டுமானால், வாசல் எத்தனை அங்குலம் என்று கேட்கும் குரல்கள் பெருக வேண்டும். ஒருவர் கேட்ட கேள்வியால் சரிசெய்யப்பட்ட வாசலில், அவருக்குப் பின் வரும் பலர் கேட்காமலே நுழைவார்கள்.