ஸ்பெல்ட் மாவு: கோதுமைக்கு மாற்றா, கோதுமையேதானா?

மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவனுக்கு ரொட்டி சுடுவதில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

என் தங்கைக்குக் கோதுமை ஆகாது. 'சீலியாக்' என்ற நோய். கோதுமையிலுள்ள 'குளூட்டன்' என்னும் புரதம் உள்ளே போனால், அவள் உடம்பே அவளது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கத் தொடங்கிவிடும். நான்கு வருஷமாக பிரெட்டைத் தொட்டதில்லை.

போன விடுமுறைக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து மாமா வந்தார். கையில் ஒரு கிலோ மாவு. "இது கோதுமை இல்லடா, ஸ்பெல்ட். எங்க ஊர்ப்பக்கம் 'டிங்கெல்'னு சொல்வாங்க. பாப்பாவுக்குச் சுட்டுக் குடு" என்றார். தங்கை முகத்தைப் பார்க்கணுமே!

பதினைந்து நிமிடம் அடித்துப் பிசைந்தேன். ரொட்டி தட்டையாய்ப் போய்விட்டது. "நாளைக்கு நல்லா வரும், அப்புறம் சாப்பிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, காரணம் தேடி நூலகத்துக்குப் போனேன். அங்கேதான் தூக்கிவாரிப் போட்டது.

ஸ்பெல்ட்டும் கோதுமை இனமே! சாதாரணக் கோதுமைக்குள்ள அதே 42 குரோமோசோம்கள். கதிரடித்தாலும் உமி எளிதில் கழலாது. தனியாக நீக்க வேண்டும். மற்றபடி குளூட்டன் தாராளமாக உண்டு.

பிறகு ரொட்டி ஏன் அமுங்கியது? குளூட்டனில் இரண்டு பகுதிகள். 'கிளையடின்' மாவை இழுபட வைக்கும். 'குளூட்டெனின்' ஸ்பிரிங் மாதிரி மீள வைக்கும். ஸ்பெல்ட்டில் கிளையடினின் விகிதம் கூடுதல். அதனால் ஸ்பிரிங் தளர்ச்சி. அளவுக்கு மீறிப் பிசைந்தால், த்ரெட் போகுமளவு இறுக்கிய போல்ட் கதிதான்.

மறுமுறை 500 கிராம் மாவுக்கு 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் உலர் ஈஸ்ட் சேர்த்தேன். நான்கே நிமிடம் மெதுவாகப் பிசைந்தேன். மாவு இருமடங்கு ஆவதற்குச் சற்று முன்பே, டின்னோடு 200 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைத்தேன். லேசான இனிப்போடு, வறுத்த கடலை வாசனை! ஆனால் அதைச் சாப்பிட்டது நாங்கள் மட்டும்தான்.

தங்கைக்கு அரிசியும் கேழ்வரகும்தான். அதையும் கோதுமை அரைக்கிற மெஷினில் அரைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் மாவே போதும், வினை வந்துவிடும். நம்மூர் சம்பா கோதுமைக்கும், ரவைக்கும், மைதாவுக்கும் பெயர்தான் வேறு. குளூட்டன் எல்லாவற்றிலும் உண்டு.

ருசிக்காகக் கோதுமையை மாற்ற நினைப்பவர்கள் ஸ்பெல்ட்டைத் தாராளமாகச் சுட்டுப் பாருங்கள். சீலியாக் உள்ளவர் வீட்டில் இருந்தால், யார் அன்பாகக் கொடுத்தாலும் முதலில் "இதுல குளூட்டன் இருக்கா?" என்று கேளுங்கள். மாமாவின் அன்பில் குறையில்லை. அன்று என் ரொட்டி மட்டும் நன்றாக உப்பியிருந்தால், நான் நூலகத்துக்கே போயிருக்க மாட்டேன்!