வாசலில் கை மாறிய பார்சல்

எங்கள் தெருவில் தையல் தைத்து ஜீவனம் செய்யும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். தமது தையல் யந்திரத்துக்கு மோட்டார் வேண்டுமென்று, கைபேசி மூலம் இணையக் கடை ஒன்றில் 2,350 ரூபாய் கட்டி வாங்கினார். வந்த மோட்டார் ஓடவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டார், கடையாரும் சம்மதித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பையன் வந்து, பார்சலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "மெசேஜ் வரும், அம்மா!" என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

மெசேஜ் வந்தது. பிறகு இன்னொன்றும் வந்தது. "தாங்கள் அனுப்பிய பொருள் எங்களிடம் வந்து சேரவில்லை, ஆகையால் பணம் தர இயலாது" என்பது இரண்டாவதன் சாராம்சம்.

கடைக்காரர் கூரியரைக் கை காட்டினார். கூரியர்க்காரர் கடையைக் கை காட்டினார். இணையதளத்தாரோ, "நாங்கள் சந்தை நடத்துகிறவர்கள் மட்டுமே" என்று ஒதுங்கிக் கொண்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்ற அபார நம்பிக்கையுடன் அந்த அம்மாள் என்னிடம் வந்தார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நான் இரண்டு இரவு கண் விழிக்க வேண்டியதாயிற்று.

விஷயம் அவ்வளவு சிக்கலானதன்று. வாசலுக்கு வந்தவன் யாருடைய ஆள் என்று கேட்டால் போதும். ஏஜெண்டு செய்த காரியம் அவனை அமர்த்தியவரைக் கட்டுப்படுத்தும் என்பது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கொள்கை. கூரியரை அனுப்பியது கடை; கூலி கொடுப்பதும் கடை. ஆகவே பையன் கையில் சேர்ந்த பொருள் கடையின் கையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். அதன் பின் வழியில் தொலைந்தால் என்ன, கிடங்கில் எலி இழுத்துப் போனால் என்ன? அவர்கள் தங்களுக்குள் வழக்காடிக் கொள்ளட்டும்.

வேதாரண்யத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிச் சிறை சென்ற அதே 1930-ல் பிறந்தது சரக்கு விற்பனைச் சட்டம். அந்நிய ஆட்சியில் பிறந்ததாயினும் இந்த அம்சத்தில் நியாயமாகவே பேசுகிறது. நிராகரிக்கும் உரிமையுள்ளவர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரையில், பொருளைத் திருப்பிச் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவரே அல்லர். ஏற்கவில்லையென்று தெரிவித்தால் போதும் என்கிறது 43-வது பிரிவு. "வேறு ஒப்பந்தம்" என்பதில்தான் சூட்சுமம்! நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறோமே, அந்த நீண்ட நிபந்தனைப் பத்திரத்தை ஒரு முறையாவது பார்ப்பது நலம்.

நாமே கூரியர் பிடித்து அனுப்பினால் கதை வேறு. அப்போது அவன் பெரும்பாலும் நம் ஆளாகி விடுகிறான். தபாலாபீஸோ, விதிகளில் குறித்த பொறுப்புக்கு மேல் ஏற்பதில்லை என்று 2023-ம் வருஷத்துச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

இணையதளத்தார் அப்படி எளிதில் ஒதுங்கிவிட முடியாது. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயரும் விலாசமும் அவர்கள் தெரிவித்தாக வேண்டும். குறை கேட்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதற்கும் மேல் ஜில்லா நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே, இரண்டு வருஷங்களுக்குள் மனுச் செய்யலாம். இத்தகைய சிறு தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

இவ்வளவும் இருந்தும், சாட்சி இல்லாவிட்டால் என்ன பிரயோசனம்? பையன் பார்சலை வாங்கினான் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டேன். அம்மாள் கைபேசியை நீட்டினார். 'பொருள் பெற்றுக் கொள்ளப்பட்டது' என்ற முதல் மெசேஜ், தேதியும் நேரமுமாக, அப்படியே இருந்தது. ஜாக்கிரதையினால் அன்று. மெசேஜை எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது!

அதன் படத்தையும் சேர்த்துக் குறை கேட்கும் அதிகாரிக்கு எழுதினோம். பதினேழாம் நாள் பணம் வந்து சேர்ந்தது, மன்னிப்போ விளக்கமோ ஒரு வார்த்தை இல்லாமல்.

இப்போது எதைத் திருப்பி அனுப்பினாலும், வருகிற பையனைப் பார்சலும் கையுமாக நிறுத்திப் படம் பிடித்த பிறகே அம்மாள் அனுப்புகிறார். அவர்களும் தலையை வாரிக்கொண்டுதான் நிற்கிறார்களாம்.