கீரை நல்லது, பறித்த இடமும் நல்லதா?

மழை பெய்ததும் நம் பகுதியின் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி ஆகியவை தாமே தழைக்கின்றன. இவற்றைப் பறித்துச் சமைப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதிகளில் வாழும் இருளர் மக்களுக்குக் காட்டுக்கீரையும் கிழங்கும் இன்றும் உணவாகின்றன. “இக்கீரைகளில் உலோகம் இருக்கிறதாமே, உண்ணலாமா?” என்னும் ஐயம் பலருக்கு எழுகிறது. அதற்கு இங்கே விடை கூற விரும்புகிறோம்.

எல்லாக் கீரைகளிலும் உலோகங்கள் உண்டு. இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியவை சிறிதளவு உடலுக்குக் கட்டாயம் தேவை. ஈயம், காட்மியம் ஆகிய இரண்டாலும் உடலுக்கு எப்பயனும் இல்லை, கேடே உண்டு. மண்ணில் காட்மியம் இருந்தால், துத்தநாகத்தை உறிஞ்சும் வேர் அதனையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, குறை செடியினுடையது அன்று. அது வளர்ந்த இடத்தினுடையது.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை ஆறு, பெங்களூருவின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அங்கே பொங்கும் நுரை உலோகம் அன்று. ஆயினும் கழிவுநீர் கலந்துள்ளது என்பதற்கு அது கண்கூடான அடையாளம். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனினும், சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மக்கி மறைவதில்லை.

ஈயம் பெரும்பாலும் தூசியாக இலையின் மேல் படிவதால், நன்கு கழுவினால் அதில் ஒரு பகுதி நீங்கும். இலைக்குள் புகுந்துவிட்ட காட்மியம் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. அது சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் வரை தங்கக்கூடியது. ஜப்பானின் தொயாமா பகுதியில், சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீரில் விளைந்த அரிசியை உண்ட மக்களின் எலும்புகள் நொறுங்கின. அந்நோய்க்குக் காட்மியமே காரணம் என அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து கருவையும் சென்றடைகிறது.

எனவே நாங்கள் கூறுவன இவை. தொழிற்சாலைச் சுவர், கழிவுநீர் வாய்க்கால், குப்பைமேடு, பழைய பேட்டரி உடைக்கும் இடம், நெடுஞ்சாலை ஓரம் ஆகியவற்றில் கீரை பறிக்க வேண்டாம். நீரோரம் வளரும் பொன்னாங்கண்ணி, வல்லாரை ஆகியவற்றைத் தூய நீர்நிலைகளில் மட்டுமே பறியுங்கள். வேரையும் மண்ணையும் நீக்கி, ஓடும் நீரில் மும்முறை அலசுங்கள். ஒரே இடத்துக் கீரையை நாள்தோறும் உண்ணாமல் மாற்றி மாற்றி உண்ணுங்கள்.

உடலில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தால், குடல் ஈயத்தையும் காட்மியத்தையும் மிகுதியாக ஈர்க்கும். ஆதலால் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இரத்தசோகைக்கு உரிய மருத்துவம் பெறுவது இதற்கும் ஒரு காப்பாகும். வீட்டில் எவரேனும் பேட்டரி, ஈயப்பற்று, வண்ணப்பூச்சு வேலை செய்பவராயின், அதனையும் கீரை பறிக்கும் இடத்தையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். தேவையெனில் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்து அறியலாம்.

அச்சத்தால் கீரையையே கைவிட்டால் இரத்தசோகை மிகும். கீரையை விட வேண்டாம். பறிக்கும் இடத்தை மாற்றுங்கள்.